மிக்ஸி போட்டால் ஆர்சிசிபி விழுகிறது, காத்தாடி முனகுகிறது: எதைப் பழுதுபார்ப்பது, எதை எங்கே போடுவது?

#1 ஈசூன்காரன்

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) நாலறை வீடு, கையில் மல்டிமீட்டர் உண்டு, சாலிடர் பிடிக்கத் தெரியும். மேசையில் இருப்பவை:

அ) 16 அங்குல ஸ்டாண்டு காத்தாடி. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகல் மட்டும். கையால் தள்ளிவிட்டால் சுற்றும், மூன்றாம் எண்ணில் வைத்தாலும் வேகம் இல்லை.
ஆ) ஊரிலிருந்து வந்த 750 வாட் மிக்ஸி. ஓடவிட்ட சில விநாடிகளில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. வேறு எதைப் போட்டாலும் விழுவதில்லை.
இ) ஒற்றைப் பொத்தான் ரைஸ் குக்கர், 700 வாட். விளக்கே எரியவில்லை.
ஈ) தங்கை குடும்பம் ஜனவரியில் கனடாவின் கால்கரிக்குக் குடிபோகிறது. மிக்ஸி, டேபிள்டாப் கிரைண்டர், லேப்டாப் எல்லாம் எடுத்துப்போகலாமா?

சரிப்படாததை எங்கே போடுவது என்றும் சொல்லுங்கள். குப்பைக் குழாயில் தள்ள மனமில்லை.

#2 சாலிடர்_சித்தர்

காத்தாடி: நூற்றுக்குத் தொண்ணூறு கெப்பாசிட்டர். தள்ளினால் சுற்றுகிறது என்றால் மெயின் சுருள் உயிரோடு இருக்கிறது, தொடக்க உந்துதல்தான் இல்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் கருப்பான சதுரப் பெட்டி ஒன்று, இரண்டு கம்பிகளோடு இருக்கும். சிபிபி61 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் மதிப்பு. வீட்டுக் காத்தாடிகளில் பெரும்பாலும் 1 முதல் 2 மைக்ரோஃபாரட், 400 அல்லது 450 வோல்ட் ஏசி. முதலில் இரு முனைகளையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் ஒரு கணம் இணைத்து மிச்ச மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். பிறகு ஒரு காலையாவது கழற்றி அளங்கள். கழற்றாமல் அளந்தால் சுருளும் சேர்ந்து வந்து எண் பொய் சொல்லும்.

அச்சிட்ட மதிப்பிலிருந்து 5 விழுக்காடு விலகல் சகஜம். 1.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.0க்குக் கீழே காட்டினால் தூக்கிப் போடுங்கள். புதியதில் மைக்ரோஃபாரட் அதே எண், வோல்ட் அதே அல்லது கூட. 'கொஞ்சம் பெரிசா போட்டா வேகமா சுத்தும்' என்று 2.5 போடுகிறவர்கள் உண்டு. சுற்றும், துணைச் சுருளும் கூடவே வேகும். ஜாலான் புசார் சிம் லிம் டவரில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், உயர நீளமும் பொருந்த வேண்டும்.

#3 தெக்கா_திருகாணி

சித்தர் சொன்னதோடு ஒன்று. கெப்பாசிட்டரை மாற்றும் முன் பிளேடைக் கழற்றித் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். விட்டதும் டக்கென்று நின்றால் புஷ் (தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) காய்ந்திருக்கிறது. இங்கே ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல், சன்னல் ஓரக் காத்தாடியின் தண்டில் துரு வருவதற்குக் கேட்கவா வேண்டும்? துருவும் தலைமுடியும் எண்ணெயும் சேர்ந்து கருப்புப் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும்.

பிளேடு மூடி வலப்பக்கம் திருகினால்தான் கழலும், எதிர்மரை. தெரியாமல் இடப்பக்கம் முறுக்கி உடைத்த மூடிகள் ஏராளம்.

பிசினைத் துணியால் வழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளித் திண்டில் தையல் மெஷின் எண்ணெய் முன்னும் பின்னும் இரண்டு மூன்று சொட்டு. தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம், சில வாரத்தில் கெட்டியாகி மறுபடி பிடிக்கும். துரு கழற்றும் ஸ்பிரேயும் வேண்டாம். அது கரைப்பான், ஆவியாகிப் போய்விடும், போகும்போது புஷ்ஷுக்குள் ஊறியிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும்.

#4 மழைக்காகம்

என்னுடைய காத்தாடி முனகுவதுகூட இல்லை. முழு மௌனம். அதற்கும் கெப்பாசிட்டர்தானா?

#5 சாலிடர்_சித்தர்

இல்லை. முதலில் 13 ஆம்பியர் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ், அடுத்து சுவிட்ச், அடுத்து சுருளுக்குள் கட்டியிருக்கும் வெப்ப ஃபியூஸ். வெப்ப ஃபியூஸ் போயிருந்தால் காரணம் பெரும்பாலும் திருகாணி சொன்ன அதே காய்ந்த புஷ். தண்டு இறுகி, மோட்டார் சூடாகி, ஃபியூஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. புஷ்ஷைச் சரிசெய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி இங்கே வந்து எழுதுவீர்கள்.

#6 அங்மோகியோ_அக்கா

மிக்ஸிக்கு வருகிறேன். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் இந்தக் கோளாறு ரொம்பச் சாதாரணம், ஆனால் ஆளுக்கொரு மூலையில் தேடுவார்கள்.

ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். மிக்ஸியில் கசிவு இரண்டு வழியில் வரும். கார்பன் பிரஷ் தேய்ந்த தூள் பிரஷ் கூட்டிலிருந்து உலோகச் சட்டம் வரை கருப்புப் படலமாகப் படிந்து பாதை போடுவது ஒன்று. ஜாரின் அடிப்புஷ் தேய்ந்து, சட்னித் தண்ணீர் கப்ளர் (ஜாரை மோட்டார் தண்டோடு இணைக்கும் பகுதி) வழியே மோட்டாருக்குள் இறங்குவது இன்னொன்று. உப்பும் புளியும் கலந்த தண்ணீர் கரண்டை நன்றாகவே கடத்தும். ஓடிய சில விநாடிகளில் விழுகிறது என்றால் இரண்டும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எல் (லைவ்), என் (நியூட்ரல்) முனைகளைச் சேர்த்து ஒரு பக்கமும் எர்த் முனையை மறுபக்கமும் வைத்து மெகா ஓமில் அளங்கள். சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மோட்டார் வரை அளவு போகாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும், அதனால் அது 'நல்லது' என்று சொன்னால் நம்பிவிட முடியாது. அதுவே சில நூறு கிலோ ஓம் காட்டினால் கசிவு உறுதி. 500 வோல்ட் மெக்கர் (கசிவுத்தடை அளக்கும் கருவி) கிடைத்தால் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும்.

திறக்கும் விதம்: அடியில் நான்கு திருகு, சில மாடல்களில் ரப்பர்க் காலுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். மேலே கப்ளரைக் கழற்ற, அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். ஓட ஓட இறுகும்படி மரை வெட்டியிருப்பதால் அந்தப் பக்கம்தான் அவிழும். இரண்டு பிரஷ்ஷையும் வெளியே எடுங்கள். 6, 7 மில்லிமீட்டருக்குக் குட்டையாகியிருந்தால் சோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். தூளை வாக்குவம் பிடித்து எடுங்கள், ஊதினால் சுருளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிரஷ் கூடு, சட்டம், ஓவர்லோட் பொத்தானின் பின்புறம் எல்லாவற்றையும் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காத்தாடிக் காற்றில் ஒரு நாள் காயவிடுங்கள்.

கப்ளருக்குக் கீழே வடிகால் துளை ஒன்று இருக்கும். காய்ந்த இட்லி மாவு அதை அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் திறந்துவிடுங்கள். ஜாரில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, காகிதத்தின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். காகிதம் நனைந்தால் ஜார் புஷ்ஷும் மாற்ற வேண்டியதே.

பூட்டிய பிறகு ஜார் இல்லாமல் சில விநாடி ஓட்டி, பக்கவாட்டு இடுக்கு வழியே பாருங்கள். பிரஷ் முனையில் சின்ன நீலப்பொறி பரவாயில்லை. பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாய் நெருப்பு ஓடினால், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போய்விட்டது. அதற்குமேல் செலவழிக்காதீர்கள்.

#7 மழைக்காகம்

அக்கா, ஊர் பிளக்கின் உருண்டைக் காலுக்கு அடாப்டர் போட்டுத்தான் பலரும் ஓட்டுகிறார்கள். பாதகமா?

#8 அங்மோகியோ_அக்கா

பாதகம்தான். பல அடாப்டர்களில் எர்த் ஒழுங்காகத் தொடாது. மேலே சொன்ன கசிவு அப்போது உங்கள் கை வழியாகத்தான் தரைக்குப் போகும். சாப்ஸ்டிக்கால் எர்த் ஓட்டையைக் குத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் சொருகுவது அதைவிட மோசம்.

பாதுகாப்பு முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கி மாற்றுங்கள். பழைய ஊர்க் கம்பியில் சிவப்பு, கருப்பு, பச்சை இருக்கும். சிவப்பு எல் முனைக்கு, அதாவது ஃபியூஸ் இருக்கும் பக்கத்துக்கு, கருப்பு என் முனைக்கு, பச்சை எர்த்துக்கு. பச்சையை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள், யாராவது கம்பியைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் கழலும்.

பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள். 750 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் தேங்காய்ச் சில்லு சிக்கும்போது போய்விடும். 13ஐ விட்டுவைத்தால் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பி கருகும்வரை அது அசையாது.

#9 கம்பிமுனை

ஆர்சிசிபி பற்றி ஒரு வரி. 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லாமலே இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம், பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை தவணை கொடுத்தார்கள். பெட்டியில் 'டெஸ்ட்' பொத்தான் இல்லை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். பொருளுக்குள் நாம் கைவைக்கலாம், சுவருக்குள் வைக்கக் கூடாது.

#10 சாலிடர்_சித்தர்

ரைஸ் குக்கர். 230 பெருக்கல் 230, வகுத்தல் 700: ஏறத்தாழ 76 ஓம். குக்கரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சட்டியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தி, பிளக்கின் எல், என் இடையே அளங்கள். 76 பக்கம் வந்தால் குக்கர் நலம், சுவர் சாக்கெட்டைப் பாருங்கள். எதுவுமே காட்டாவிட்டால் பிளக் ஃபியூஸ், பிறகு கம்பி, பிறகு வெப்ப ஃபியூஸ். அடித்தகட்டைக் கழற்றினால் கண்ணாடியிழை உறைக்குள் சின்னக் குச்சிபோல் இருக்கும். அதன் உடலில் ஆம்பியரும் வெப்ப அளவும் அச்சிட்டிருக்கும். அதே எண்தான் வாங்க வேண்டும்.

அதை சாலிடர் பண்ணாதீர்கள். ஈயம் உருகும் சூட்டிலேயே ஃபியூஸ் திறந்துகொள்ளும். செம்புக் குழலில் இரு முனையையும் நுழைத்து இடுக்கியால் நசுக்கிப் பிணைத்து, பழைய உறையையே மேலே இழுத்துவிடுங்கள்.

#11 வாய்டுடெக்_வாத்தி

அதை நேராகக் கம்பியால் இணைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. காந்த சுவிட்ச் எப்படியும் அணைத்துவிடுமே?

#12 சாலிடர்_சித்தர்

வாத்தியாரே, அந்த ஃபியூஸ் போனதே காந்த சுவிட்ச் ஒருமுறை அணைக்கத் தவறியதால்தான் இருக்கும். சாதம் வெந்து தண்ணீர் வற்றியதும் சட்டியின் அடி 100 டிகிரியைத் தாண்டும், காந்தம் பிடியை விடும், பொத்தான் மேலே வரும். பொங்கி வழிந்த கஞ்சி நெம்புகோலில் காய்ந்து ஒட்டினால் மேலே வராது. சட்டியின் அடி நசுங்கியிருந்தாலும், நடுவில் ஒரு பருக்கை மாட்டினாலும், வெப்பத்தட்டோடு முழுதாக ஒட்டாமல் தட்டு மட்டும் சூடேறும். அந்த நேரத்துக்குக் காவல் ஃபியூஸ் ஒன்றுதான். ஆகவே நெம்புகோலை வெந்நீர்த் துணியால் துடைத்து, சட்டி ஆடாமல் உட்கார்கிறதா என்று பார்த்த பிறகே புதிய ஃபியூஸ்.

#13 வாய்டுடெக்_வாத்தி

சரி, வாபஸ்.

#14 வடதுருவம்

கால்கரி கேள்விக்கு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாற்றலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. இதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டும்.

மிக்ஸி: பிரஷ் மோட்டார் என்பதால் ஹெர்ட்ஸ் அதற்குப் பொருட்டில்லை. வோல்ட்டை ஏற்றும் 1500 விஏ டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடும். ஆனால் அது பல கிலோ எடை.
கிரைண்டர்: பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டார், வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், தொடக்க உந்துதல் குறையும். ஊறிய உளுந்தோடு திணறும், மாவும் சூடாகும். விட்டுச் செல்லுங்கள்.
ரைஸ் குக்கர்: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 120இல் சொருகினால் 700 வாட் 190 வாட்டாகிவிடும். வோல்ட்டின் வர்க்கத்தில் அல்லவா குறைகிறது. அரிசி ஊறும், வேகாது.
லேப்டாப், கைபேசி: அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக்கின் காலை மாற்றினால் போதும்.

வட அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் இந்திய நிறுவனங்கள் செய்கின்றன. அதை வாங்குவதே மேல். (மாவு புளிப்பது தனிப் போராட்டம். ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைப்பார்கள்.)

அடுத்தது குளிர். நம் ஊரில் பொருளைக் கெடுப்பது ஈரம். அங்கே குளிரும் வறட்சியும். மைனஸ் 20இல் காரில் கிடந்த லேப்டாப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே போட்டால், உள்பலகையில் பனி வியர்த்திருக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியபடி உள்ளே கொண்டுவந்து, வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை பல மணி நேரம் பிரிக்காதீர்கள். பைக்கு வெளியே வியர்க்கும், உள்ளே வியர்க்காது.

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் எதிர்முனைக்குள் புகாமல் மேலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு போவதோடு, உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. பயன்படுத்துவது வேறு, அதில் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதோடு சரி.

பழுதுபார்க்கிறவருக்கு: குளிர்கால வீட்டுக்குள் ஹீட்டர் காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கும். கம்பளத்தில் நாலடி நடந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம். சிங்கப்பூரில் வெறுங்கையால் மெமரி மாற்றிப் பழகியவர் அங்கே 1 மெகா ஓம் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும்.

#15 மழைக்காகம்

கராஜில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறதாம், 'குளிர்தானே, கரண்ட் மிச்சம்' என்கிறார்களே?

#16 வடதுருவம்

தலைகீழ். சாதாரண ஃபிரிட்ஜில் வெப்ப உணரி ஒன்றே, அது கீழ் அறையில். கராஜே 3, 4 டிகிரியில் இருந்தால் 'உள்ளே போதுமான குளிர்' என்று கம்ப்ரெஸர் கிளம்பாது. மேலே ஃபிரீஸரில் மீன் உருகும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. வீட்டுக்குள் நகர்த்தினால் ஒழுங்காக ஓடும். பழைய அடாப்டர்களும் அப்படித்தான், குளிரில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்தடை ஏறி, கிளம்பாமல் துடிக்கும்.

#17 வாய்டுடெக்_வாத்தி

கனடா வீட்டில் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் வருமே, கிரைண்டரை அதில் போட்டால்?

#18 கம்பிமுனை

அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான் வாத்தியாரே. அந்த சாக்கெட்டின் பிரேக்கர் 30, 40 ஆம்பியர். 150 வாட் கிரைண்டர் எரிந்து சாம்பலானாலும் அது விழாது.

#19 தெக்கா_திருகாணி

போடும் இடம். 2021 ஜூலை 1 முதல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. கணினி, லேப்டாப், கைபேசி, பிரிண்டர், ரவுட்டர், செட்-டாப் பெட்டி, பேட்டரி, பல்பு இதெல்லாம் பட்டியலில் உண்டு. பெரியவற்றில் ஃபிரிட்ஜ், ஏசி, துணிதுவைக்கும் இயந்திரம், உலர்த்தி, டிவி. சின்னவற்றுக்குக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் உண்டு. பெரியவற்றுக்கு, புதியது வாங்கினால் கொண்டுவந்து இறக்கும் கடையே பழைய ஒன்றை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். ஆர்டர் போடும்போதே சொல்லிவிடுங்கள், லாரி வந்த பிறகு சொன்னால் 'இடமில்லை' என்பார்கள்.

கவனியுங்கள்: காத்தாடியும் ரைஸ் குக்கரும் மிக்ஸியும் அந்தப் பட்டியலில் இல்லை. தொட்டிமேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். குழாயில் தள்ளினால் எரிஆலைக்குப் போய், சாம்பல் குப்பை கொட்டும் செமக்காவ் தீவில் சேரும்.

#20 ஈசூன்காரன்

வீடு வீடாகப் பழைய பொருள் வாங்கும் காராங்குனி அண்ணனிடம் கொடுத்தால்?

#21 தெக்கா_திருகாணி

காத்தாடி, மிக்ஸிக்கு அதுவே நல்ல வழி, உள்ளே செம்புச் சுருள் இருக்கிறது. ஃபிரிட்ஜ், ஏசியை மட்டும் கொடுக்காதீர்கள் என்பேன். குழாயை வெட்டினால் குளிர்வாயு காற்றில் போகும். புது ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றும் வாயு வேறு.

#22 அங்மோகியோ_அக்கா

காராங்குனி அண்ணன்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். ஓடுகிற ஃபிரிட்ஜை வெட்டாமல் மறுபடி விற்கிறவர்களும் அவர்கள்தான். ஓடுகிறது என்றால் கொடுக்கலாம், ஓடாவிட்டால் கடைக்கே திருப்புங்கள் என்று வைத்துக்கொள்ளலாமா?

#23 தெக்கா_திருகாணி

ஒத்துக்கொள்கிறேன்.

பேட்டரி: முனைகளில் டேப் ஒட்டித் தொட்டியில் போடுங்கள். உப்பியதைத் தொட்டியில் போடாதீர்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது. உலோக டப்பாவில் மணல் நிரப்பி அதில் வைத்து, ஆள் இருக்கும் சேகரிப்பு இடத்தில் நேரில் கொடுங்கள். கால்கரியில் இருப்பவர்களுக்கு: ஆல்பர்ட்டா மாநிலம் 2004லேயே, கனடாவில் முதலாவதாக, மின்கழிவுத் திட்டம் தொடங்கியது. புதியது வாங்கும்போதே அதற்கான கட்டணமும் பிடித்துவிடுகிறார்கள்.

தனியாகத் திறக்கப் பயமாக இருந்தால் ரிப்பேர் கோப்பித்தியாம் போங்கள். 2014 முதல் தொண்டூழியர்கள் கூட உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறார்கள். மைக்ரோவேவ் மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே 2000 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரோடு இருக்கும்.

#24 ஈசூன்காரன்

அளவுகள்:
காத்தாடிக் கெப்பாசிட்டர் 1.5 என்று எழுதியிருக்கிறது, 0.62 காட்டுகிறது. புஷ்ஷும் காய்ந்திருந்தது, சுத்தம் செய்தாயிற்று.
மிக்ஸி எல்/என்–எர்த் 180 கிலோ ஓம். துடைத்துக் காயவைத்த பிறகு மீட்டர் அளவுக்கு மேலே போய்விட்டது. பிரஷ் 5 மில்லிமீட்டர். காகிதம் நனைந்தது.
ரைஸ் குக்கர் வெப்ப ஃபியூஸ் திறந்திருக்கிறது. நெம்புகோலில் கஞ்சி.

#25 அங்மோகியோ_அக்கா

180 கிலோ ஓமுக்குக் கணக்குப்படி 1.3 மில்லி ஆம்பியர்தான் வரும், அதற்கு ஆர்சிசிபி விழாது. ஓடும்போது பிரஷ் பொறியும் ஈரமும் சேர்ந்து அதை இன்னும் கீழே இழுத்திருக்கும். அதனால் ஜார் புஷ்ஷை மாற்றாமல் மிக்ஸியைப் பூட்டாதீர்கள். புது பிரஷ் போட்டதும் முதல் சில தடவை அரை ஜார் மட்டும் அரையுங்கள். பிரஷ் முகம் வளைந்து உட்காரும்வரை பொறி கொஞ்சம் கூடத் தெரியும்.

#26 சாலிடர்_சித்தர்

ரைஸ் குக்கர் ஃபியூஸ் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். முதல் தடவை நசுக்கும்போது காலை ஃபியூஸ் உடலுக்கு ஒட்டி மடக்கி உடைப்பது எல்லோருக்கும் நடப்பது. 3 மில்லிமீட்டர் தள்ளி மடக்குங்கள்.